மாடித்தோட்டக் கிட்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

மழை கொஞ்சம் அதிகமாகப் பெய்தால் போதும், சென்னையில் தக்காளி விலை எகிறிவிடும். 2021 நவம்பரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த நிதியாண்டில்தான் தோட்டக்கலைத் துறை 900 ரூபாய் மாடித்தோட்டக் கிட்டை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தது. உள்ளே ஆறு செடிப் பைகள், இரண்டிரண்டு கிலோவில் ஆறு தென்னைநார்க் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதை, உயிர் உரம், இயற்கைப் பூச்சிமருந்து, கையேடு. ஒருவருக்கு இரண்டு கிட் வரை கொடுத்தார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

விலையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழைய யூடியூப் வீடியோவை நம்பி 225 ரூபாயோடு போய் நிற்காதீர்கள். உங்கள் பகுதித் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு முதலில் போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் உண்டா, இப்போது கையிருப்பு இருக்கிறதா, என் தெரு உங்கள் எல்லையில் வருகிறதா? மூன்றாவதை விட்டால் அலைச்சல்தான். "அந்த ஆபீஸ்ல கேளுங்க" என்பார்கள். அங்கே போனால் "உங்க ஏரியா எங்களுக்கு வராதும்மா" என்பார்கள். இணையத்தில் பதிந்திருந்தால் ஒப்புகையை அச்செடுத்துக் கொண்டு போங்கள். போனில் காட்டிக்கொள்ளலாம் என்று போனால், கவுண்டரில் நெட் கிடைக்காது; சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள்.

அதிகம் அடிபடுவது வாடகைக்காரர்கள். ஆதாரில் ஊர் முகவரி, குடியிருப்பது மீனவர் குப்பத்தை ஒட்டிய ஒற்றை அறை. பூ விற்கும் அம்மா ஒருவரை ஓர் அலுவலகத்தில் "ஹவுஸ் ஓனர் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். அன்றைய வியாபாரம் போச்சு. அப்படிக் கேட்டால், "எந்த உத்தரவுல இருக்கு சார், காட்டுங்க" என்று பொறுமையாகக் கேளுங்கள். ரேஷன் கார்டையும் கையில் வைத்திருங்கள். ஆனால் மொட்டைமாடிச் சாவி யாரிடம் என்பது வேறு விஷயம். வீட்டுக்காரரிடம் அதைப் பேசி முடிக்காமல் பணம் கட்டாதீர்கள். ஈரம் இறங்குகிறது என்று ஒரே மாதத்தில் பையை எடுக்கச் சொல்வார்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் செடிக்கு ஊற்ற வேண்டாம்; இலை ஓரம் கருகும். பீன்ஸ்தான் முதலில் சாயும், கீரை ஓரளவு தாங்கும். அரிசி கழுவிய தண்ணீர், பிடித்துவைத்த மழைநீர் நல்லது. தென்னைநார்க் கட்டியிலும் உப்பு இருக்கலாம். ஊறவைத்து, பிழிந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் பையில் நிரப்புங்கள்.

நாரில் சத்து அவ்வளவாகக் கிடையாது. சமையலறைக் கழிவை மக்கவைத்துப் போட்டால்தான் நன்றாகக் காய்க்கும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளுக்குப் போகிற குப்பையும் அந்த அளவுக்குக் குறையும். ஆறு பையில் குடும்பத்துக்கே காய் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீரையும் பச்சைமிளகாயும் வாங்குகிற காசு மிஞ்சும், அதுவே லாபம்.

கையெழுத்துப் போடுமுன் கவுண்டரிலேயே பிரித்து எண்ணுங்கள். விதைப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள், தாண்டியிருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.