பைக்கில் பாட்டு கட் ஆகிறதா? ஆம்ப்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

"ரெண்டு ஆம்ப் மாத்தியாச்சுண்ணா, இன்னும் பாட்டு கட் ஆகுது." பெங்களூரில் பைக் வயரிங் பார்ப்பவர் யாராக இருந்தாலும் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பார். இந்த வாரம் மட்டும் நான்கு வண்டிகள். நான்கிலும் ஆம்ப்புக்கு (ஸ்பீக்கருக்குச் சத்தம் ஏற்றித் தரும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றும் இல்லை, ஸ்பீக்கருக்கும் ஒன்றும் இல்லை. சீட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் முடுக்கிய எர்த் போல்ட்டும் (கரன்ட் வண்டி பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இடம்), நூல் மாதிரி ஒரு சிவப்பு வயரும்தான் குற்றவாளிகள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இரண்டாவது ஆம்ப்புக்குக் கொடுத்த காசில் ஒரு சிறு பங்கு நல்ல வயருக்குப் போயிருந்தால் அந்த ஆம்ப்பே தேவைப்பட்டிருக்காது.

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மீட்டர் வச்சுப் பார்த்தேன், 12 வோல்ட் வருது, சப்ளை சரியாத்தான் இருக்கு." இல்லை தம்பி, சரியாக இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு, ஆம்ப்பைக் கழற்றிவிட்டு வயர் முனையில் பார்த்தால் 12 காட்டத்தான் செய்யும். துருப்பிடித்த போல்ட்டும் காட்டும், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் காட்டும். மாடியில் குழாயை மூடி வைத்துக்கொண்டு "டேங்க் நிறைய தண்ணி இருக்கு" என்று சொல்வதைப் போன்றதுதான் இது. குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தால்தான் நடுவில் அடைப்பு இருப்பது தெரியும். வோல்ட்டைப் பாட்டு ஓடும்போது பார்க்க வேண்டும், அதுவும் எந்த வால்யூமில் கட் ஆகிறதோ அந்த வால்யூமில்.

கணக்கைப் பாருங்கள். 100 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் நிஜ வாட்) தரும் கிளாஸ் டி (கரன்டை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப், சத்தமான பீட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 0.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் மீட்டருக்குச் சுமார் 0.037 ஓம். பேட்டரியிலிருந்து போக 2 மீட்டர், திரும்ப 2 மீட்டர் என்றால் மொத்தம் 0.15 ஓம். 10 ஆம்பியரில் 1.5 வோல்ட் வயரிலேயே போய்விடும். எர்த் போல்ட்டில் 0.1 ஓம் இருந்தால் இன்னொரு 1 வோல்ட். பேட்டரியில் 12.4 இருந்தாலும் ஆம்ப்புக்குக் கிடைப்பது 9.9தான். பெரும்பாலான ஆம்ப்கள் 10 வோல்ட்டை ஒட்டித் தாமாகவே அணைந்துவிடும். அணைந்ததும் லோடு இல்லை, வோல்ட் மறுபடி 12.4க்கு ஏறும், ஆம்ப் விழித்துக்கொள்ளும், அடுத்த பீட்டில் மறுபடி அணையும். நீங்கள் கேட்பது இதைத்தான். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு சுமார் 0.3 வோல்ட்தான்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பாட்டு வேண்டாம், பீட் ஏறி இறங்கும்போது சாதாரண மீட்டர் அதைப் பிடிக்காது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 100 ஹெர்ட்ஸ் டோனை ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் போகாமல் ஓட விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் காயில் சூடாகும். மீட்டர் 20 வோல்ட் டி.சி.யில் இருக்கட்டும். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டில், மறுமுனை ஆம்ப்பின் பாசிட்டிவ் டெர்மினலில். இங்கே காட்டுவதுதான் வழியில் தொலையும் வோல்ட், 0.3க்குள் இருக்க வேண்டும். அடுத்தது பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து ஆம்ப்பின் நெகட்டிவ், அது 0.2க்குள். எந்தப் பக்கம் தாண்டுகிறதோ அந்தப் பக்கத்தில் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: போஸ்ட், லக் (வயர் முனையில் இருக்கும் வளையம்), ஃபியூஸின் இரு பக்கம், ரிலே (சிறு கரன்டில் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக்). எண் எங்கே குதிக்கிறதோ கோளாறு அங்கேதான். "ஆம்ப் போயிடுச்சு" என்று சொல்பவரிடம் இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். அளக்காமல் சொல்பவரிடம் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு எண்ணும் சரியாக இருந்தும் கட் ஆனால் பேட்டரியிலேயே பாருங்கள். 3000 ஆர்.பி.எம். சுமாரில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைகிறது. நெரிசலில் நிற்கும் சில்க் போர்டு சிக்னலில் கட் ஆகி, ஓசூர் ரோட்டில் வேகம் பிடித்ததும் ஒழுங்காகப் பாடினால் அது சார்ஜிங் பற்றாக்குறை. ஐடிலிங்கில் மேக்னெட் காயில் (எஞ்சினுக்குள் கரன்ட் தயாரிக்கும் சுருள்) தருவது குறைவு, மேலே பிரேக் லைட், இண்டிகேட்டர். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. 4, 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள வண்டியில் 400 வாட் என்று பெட்டியில் அச்சடித்த ஆம்ப்பை வைத்துவிட்டுப் பேட்டரியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

எர்த் போடும் முறை: பாடி போல்ட்டை நம்பாமல் நேரே பேட்டரி நெகட்டிவுக்கு வயர் கொண்டுபோவதுதான் சிறந்தது. பாடியில்தான் என்றால் லக் உட்காரும் வட்டம் முழுக்கப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். ஹேண்டில்பாரில் பொருத்தும் புளூடூத் யூனிட்டுக்கு ஹேண்டில் கிளாம்ப்பில் எர்த் எடுக்கவே கூடாது. அந்தக் கரன்ட் ஹேண்டில் திரும்பும் இடத்தில் கிரீஸ் பூசிய கோன்செட் பேரிங் வழியாகத்தான் ஃபிரேமுக்குப் போக வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினால் கட் ஆகிறது என்றால் முதலில் இதையும், பிறகு ஹேண்டில் கழுத்தருகே மடிந்து மடிந்து உள்ளே அறுந்த வயரையும் பாருங்கள்.

வயர் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கரன்டும் குறைவாகக் கடத்தும், அதிர்வில் முனையிலேயே ஒடியும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் அப்படித்தான்: எஞ்சின் சூட்டில் பசை இளகி டேப் வழுக்கி நகர்ந்திருக்கும், உள்ளே இழைகள் பச்சை பூத்துக் கையோடு உதிரும். க்ரிம்ப் செய்து (லக்கை வயரோடு அழுத்திப் பிடிக்க வைத்து) ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள்.

இப்போது ஃபியூஸ். அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் நீல ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சையைப் போடுகிறார்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றியதும் உண்டு. ஃபியூஸ் இருப்பது ஆம்ப்புக்காக இல்லை, வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். மெல்லிய வயர், பெரிய ஃபியூஸ், மேலே பெட்ரோல் டேங்க். யோசித்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், 2.5 ஸ்கொயர் வயருக்கும் இந்த அளவு ஆம்ப்புக்கும் 15 போதும். கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர் வேண்டாம், ஸ்பிரிங் அதிர்வில் தளர்ந்து அதுவே பாட்டை வெட்டும்.

ஹாரன் அடித்தால் கட் ஆகிறதா? ஹாரன் வயரிலிருந்து சப்ளை எடுத்திருக்கிறார்கள். ரிலே போடுங்கள், அதன் கால்களில் உள்ள எண்படி: 30க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87 ஆம்ப்புக்கு, 86 சாவி போட்டால் வரும் லைனுக்கு, 85 எர்த். மின் வேலைகளைக் கவனிக்கும் கண்ட்ரோல் யூனிட் உள்ள புது வண்டிகளில் கம்பெனி வயரிங்கை வெட்டாதீர்கள்.

ஸ்பீக்கர் நெகட்டிவைப் பாடியில் கொடுக்காதீர்கள். இந்த ஆம்ப்களில் இரண்டு ஸ்பீக்கர் வயரிலும் ஓட்டம் உண்டு. எது பாடியைத் தொட்டாலும் ஆம்ப் அணைந்துவிடும். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 1.8 காட்டினால் இரண்டு ஸ்பீக்கரைப் பேரலலில் சேர்த்திருக்கிறார்கள். 4 ஓமுக்குச் செய்த ஆம்ப் அதைத் தாங்காது.

இருபது நிமிடம் பாடிவிட்டுக் கட் ஆகி, ஆறியதும் பாடினால் சூடு. அதிரக்கூடாது என்று ஆம்ப்பை ஸ்பாஞ்சில் சுற்றி வைத்திருப்பார்கள். ஸ்பாஞ்சை எடுங்கள், சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு ரப்பர் புஷ்ஷில் பொருத்துங்கள். ஆம்ப் லைட் எரிந்துகொண்டே பாட்டு மட்டும் விட்டு விட்டு வந்தால் ஆக்ஸ் கேபிள் (போனை நேரே ஆம்ப்போடு சேர்க்கும் வயர்) போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காகப் பாடினால் கோளாறு புளூடூத்தில். பின் பாக்கெட்டில் இருக்கும் போனை முன்பக்கம் மாற்றினாலே பெரும்பாலும் தீரும், உடம்பு அந்த சிக்னலை மறைக்கிறது.

மழைக்காலம் வருவதற்குள் கப்ளர்களை ஒருமுறை திறந்து உலர்த்தி, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (கரன்ட் கடத்தாத, ஈரம் புகாமல் காக்கும் கிரீஸ்) வைத்து, வாய் கீழே பார்க்கும்படி கட்டிவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் சீட்டுக்கு அடியில் ஜெட் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடித்துவிட்டால், உலரும்வரை ஆம்ப் ஃபியூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.