கேட்கிறது, ஆனால் புரியவில்லை

காது கேட்கும் திறனைச் சோதித்து வரையும் ஆடியோகிராமைக் கையில் வாங்கியதும் பலரும் கேட்பது, "காது எத்தனை சதவீதம் போயிருக்கிறது?" அந்த வரைபடத்தில் சதவீதமே கிடையாது. இடமிருந்து வலமாக இருப்பது ஹெர்ட்ஸ், அதாவது சுருதி. வழக்கமாக 250 முதல் 8000 வரை. மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. ஒவ்வொரு சுருதியிலும் உங்களுக்கு மட்டுமட்டாகக் கேட்ட அளவைக் குறிப்பார்கள்: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இதில் 0 டெசிபல் என்பது நிசப்தம் அல்ல. நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு.

காதின் பின்புற எலும்பில் அதிர்வு கொடுத்தும் சோதிப்பார்கள்; அது நேரே உள்காதுக்குப் போகும். அதில் நன்றாகக் கேட்டால், உள்காது நலம். குறும்பி, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர் என்று வழியில்தான் ஏதோ தடை. இது கடத்தல் வகை. மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ சரியாக வாய்ப்புண்டு. எலும்பு வழியிலும் அதே அளவு குறைவு என்றால் உணர்நரம்பு வகை. முதுமையிலும் ஓயாத இரைச்சலிலும் வருவது பெரும்பாலும் இதுதான்.

இந்த வகையில் அந்தக் குறிகளை இணைக்கும் கோடு பெரும்பாலும் வலப்பக்கம் கீழே சரியும், அதாவது உயர்ந்த சுருதியில் கேட்பது குறையும். உயிரொலிகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை தப்பிவிடும். மெய்யொலிகளை அடையாளம் காட்டும் நுணுக்கங்களில் பல உயர்ந்த சுருதியில் இருக்கின்றன, அவை போய்விடும். பேச்சு காதில் விழும், ஆனால் 'பல்'லா 'கல்'லா என்று பிடிபடாது. 'கவனிப்பதே இல்லை' என்று வீட்டில் வாங்கும் திட்டில் பாதி அநியாயம்.

அப்புறம் ஒரு விசித்திரம். "கொஞ்சம் சத்தமாகப் பேசு" என்றவரே, குரலை உயர்த்தினால் "ஏன் கத்துகிறாய்?" என்பார். உள்காதின் வெளி மயிர்ச்செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருபவை. அவை பழுதானால் மெல்லிய ஒலி மறையும்; பெரிய ஒலியோ முன்புபோலவே பெரிதாகத்தான் கேட்கும். மட்டுமட்டாகக் கேட்பதற்கும் கத்துவதுபோல் கேட்பதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால்தான் இன்றைய காது மெஷின்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் கூட்டுவதில்லை: மெல்லியதை அதிகமாக, பெரியதைக் கொஞ்சமாக. இதற்குப் பெயர் கம்ப்ரெஷன்.

ஆனாலும் பழுதான உள்காது ஒலிகளைப் பிரித்தறிவதிலும் மங்கிவிடுகிறது. மெஷின் அதைத் திருப்பித் தராது. கூட்டத்தில் முன்னால் இருப்பவர் குரலுக்கு முதலிடம் தரும் திசை மைக்குகள் ஓரளவு கைகொடுக்கும். பேசுபவர் பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது.