சிட்டிலைட்ஸ்: தீபக் சிங்கின் கையில் இல்லாமல் போன காகிதங்கள்

2014 மே மாதம் வெளியான 'சிட்டிலைட்ஸ்' படத்தை இயக்கியவர் ஹன்சல் மேத்தா. 'மெட்ரோ மணிலா' என்ற படத்தின் தழுவல் அது. ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் துணிக்கடை வைத்து நொடித்துப்போன தீபக் சிங், மனைவி ராக்கி, சின்ன மகள் மாஹி ஆகிய மூவரும் மும்பையில் வந்து இறங்குகிறார்கள். வாடகைக்கு வீடு பிடித்துத் தருவதாகச் சொன்னவர்களிடம் கையிருப்பைப் பறிகொடுக்கிறார்கள். கட்டி முடியாத ஒரு கட்டடத்தில் ஒண்டிக்கொள்கிறார்கள். ராக்கி டான்ஸ் பாருக்குப் போகிறாள். தீபக் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்கிறான்.

படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் 'பாவம், விதி' என்று கலங்கிப் போவார்கள். தொழிலாளர் சட்டத்தோடு அன்றாடம் பழகுகிறவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காகிதம் கைமாறியிருக்க வேண்டும்; அங்கெல்லாம் வெறும் பணமும் வாய்ச்சொல்லும்தான் கைமாறுகின்றன. இது படத்துக்காகச் செய்த கற்பனை கிடையாது. பிழைப்புத் தேடி நகரம் வரும் குடும்பங்கள் சறுக்குவது இதே இடங்களில்தான்.

முதலில் வீடு. காலியாகக் கிடக்கும் அறையின் சாவி எப்படியோ ஒரு புரோக்கரிடம் இருக்கும். ஒரு மாதத்துக்கு அவரே வாடகைக்கு எடுத்திருக்கலாம், வாட்ச்மேனைச் சரிக்கட்டியும் வாங்கியிருக்கலாம். அதே அறையை இரண்டு மூன்று நாளுக்குள் பல குடும்பங்களுக்குக் காட்டி, எல்லோரிடமும் டெபாசிட் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவார். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது" என்ற ஒரு சொல் போதும். கைக்குழந்தையும் மூட்டையுமாக ரயில் நிலையத்தில் இரவைக் கழித்தவருக்கு அந்த அவசரத்தை எதிர்க்கத் தெம்பு இருக்காது. அதனால், டெபாசிட் கொடுக்காமல் முதல் ஒரு வாரத்தைக் கழிக்க ஓர் இடத்தை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேசி வைப்பதுதான் இதற்கு உண்மையான தற்காப்பு. ஊர்க்காரர் வீட்டு மூலையாக இருந்தாலும் சரி, தர்மசாலையாக இருந்தாலும் சரி.

வீட்டைப் பகலில் பாருங்கள். மின் கட்டண ரசீதைக் கேட்டு, அதிலிருக்கும் பெயரும் பணம் கேட்பவரின் ஆதார் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அடுக்குமாடி என்றால் சொசைட்டி அலுவலகத்தில் அறை எண்ணைச் சொல்லி உரிமையாளர் யார் என்று விசாரிக்கலாம். குடிசைப் பகுதி என்றால் உரிமையாளரின் போட்டோ பாஸை (குடிசைக்காரருக்கு அரசு தரும் படத்தோடு கூடிய அட்டை) காட்டச் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் பாதி உண்மை வெளிவந்துவிடும். பணத்தை அந்தப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். "புரோக்கர் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, நான் கொடுத்துடறேன்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 55, பலருக்கும் தெரியாத ஒரு ஆயுதம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியமானது, பதிவு இல்லாத நிலையில் தகராறு வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதுதான் செல்லும். பதிவை ஆதார் கைரேகை வைத்து ஆன்லைனிலேயே முடிக்கலாம். மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், முத்திரைத்தாள் தனி. அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால், மிச்சப்படுவது அவருடைய பொறுப்புதான்.

ஏமாந்த பிறகு காவல் நிலையத்துக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு பெயரும், அணைத்து வைத்த ஒரு போன் எண்ணும்தான் மிஞ்சியிருக்கும். அறை முகவரி, வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய எண், புரோக்கரின் முகப்புப் படம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு கொடுக்க வேண்டும். சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்ஐஆரை எந்தக் காவல் நிலையத்திலும் போடலாம். நகலை இலவசமாகத் தர வேண்டும். யுபிஐ வழியாகப் போன பணம் என்றால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க அதுதான் வாய்ப்பு.

அடுத்தது வேலை. பாதுகாவலர் வேலை என்றால் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டமும் அதன் மாதிரி விதிகளும் 160 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன: வகுப்பில் 100, களத்தில் 60, குறைந்தது 20 வேலை நாட்களில். ஏஜென்சிக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். பாதுகாவலருக்குப் படத்தோடு அடையாள அட்டை வேண்டும். இன்று பேசி நாளை டியூட்டிக்கு அனுப்பும் ஏஜென்சி இந்தச் சட்டத்தை மீறுகிறது. அதே ஏஜென்சி சம்பளச் சட்டத்தை மட்டும் மதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மகாராஷ்டிரத்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலர் வாரியம் என்ற ஒன்றும் இருக்கிறது. அதில் பதிவான பாதுகாவலரின் சம்பளம் வாரியத்தின் வழியாகவே வருவதால் இடைத்தரகருக்குப் பிடித்தம் செய்ய வாய்ப்பில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. நியமனக் கடிதம் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஒப்பந்ததாரர் அழைத்து வந்தவர் மட்டும் என்றில்லாமல், தானாகவே வேறு மாநிலத்துக்கு வந்து வேலையில் சேர்ந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறார். அதற்கான சம்பள வரம்பு 18,000 ரூபாய். பழைய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் தீபக்கைப் போன்றவருக்கு இடமே இல்லை.

யூனிஃபார்ம் டெபாசிட் என்று முதல் மாதச் சம்பளத்தைப் பிடிப்பது, 'வெரிஃபிகேஷன்' என்று அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது, 12 மணி நேர டியூட்டியை எட்டு மணி நேரமாக எழுதுவது ஆகிய மூன்றும் அடிக்கடி நடப்பவை. அசலைக் கையில் கொடுக்கவே கூடாது. காட்டிவிட்டு நகல் தந்தால் போதும். டியூட்டி நேரத்தை ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி, மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால், தேதியோடு ஒரு சாட்சி உருவாகிவிடும். சம்பளப் பாக்கி கேட்டு மூன்று ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம்.

ராக்கியின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. மகாராஷ்டிரம் 2005இல் பார் நடனத்தைத் தடை செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு டிப்ஸ் தரலாம், பணத்தை வீசக் கூடாது என்றது. அந்த வேலைக்குப் போகும் பெண் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் உரிமை உள்ள தொழிலாளிதான். அவளுக்கும் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு: பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். எண் 15100.

இனிப் பெட்டி. தீபக்கும் அவனுடைய கூட்டாளி விஷ்ணுவும் சுமப்பது பூட்டிய பெட்டிகள். உள்ளே இருப்பது என்ன என்று சுமப்பவருக்குத் தெரியாது. பணம் எடுத்துச் செல்லும் வண்டிகளுக்கு 2018இல் மத்திய அரசு தனி மாதிரி விதிகளையே வகுத்தது. ஓட்டுநர், ஆயுதம் ஏந்திய இரு பாதுகாவலர், இரு ஏடிஎம் அலுவலர், ஜிபிஎஸ். ஒரு நடைக்கு 5 கோடிக்கு மேல் கூடாது. நகரத்தில் இரவு 9 மணிக்குப் பிறகு ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது. ரசீதோ எடுத்துச் செல்லும் சீட்டோ இல்லாமல் ஒரு பெட்டியை ஒப்படைத்தால், பெட்டி தொலையும் நாளில் திருடனாக நிற்பது சுமந்தவர்தான்.

விஷ்ணு கொல்லப்படுகிறான். கொலைக்கு இழப்பீடு கிடையாது என்று முதலாளி சொல்வதைக் கேட்டுப் பல குடும்பங்கள் ஊர் திரும்பிவிடுகின்றன. அது தவறு. சவாரி ஏறியவர்கள் ஆட்டோவைப் பறிப்பதற்காக ஓட்டுநரைக் கொன்ற ரீட்டா தேவி வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதையும் விபத்து மரணமாகவே எடுத்துக்கொண்டது. வேலையின் காரணமாக வந்த சாவு என்றால் குடும்பத்துக்கு உரிமை உண்டு.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் ஒருமுறைத் தொகைக்குப் பதிலாக மாத ஓய்வூதியம்: சம்பளத்தில் 90 சதவீதம். மாதம் 15,000 வாங்கியவர் என்றால் ஏறத்தாழ 13,500. அதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 8,100 மனைவிக்கு. ஐந்தில் இரண்டு பங்கு, 5,400 ஒரே குழந்தைக்கு. இஎஸ்ஐ இல்லை என்றால் முதலாளியே தர வேண்டும்: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 7,500 பெருக்கல் 207.98, மொத்தம் 15,59,850 ரூபாய். பிஎஃப் உறுப்பினர் என்றால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை தனி.

இவற்றைப் பெற மனைவியிடம் இறந்தவரின் யுஏஎன் எண் (பிஎஃப் உறுப்பினரின் நிரந்தர எண்), இஎஸ்ஐ எண், எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை இருக்க வேண்டும். முதல் இரண்டு எண்களும் பெரும்பாலும் கணவரின் போனில் மட்டும்தான் இருக்கும். போன் காவல் நிலையத்தில் இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே பிஎஃப் இணையதளத்தில் இ-நாமினேஷன் (பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற நியமனம்) போட்டு, மனைவியின் ஆதாரையும் படத்தையும் ஏற்றி, ஓடிபி கொடுத்துக் கையெழுத்தையும் முடித்துவிட வேண்டும். அந்தக் கடைசிக் கையெழுத்துப் படியை விட்டுவிட்டால் நாமினேஷன் பதிவாகாது. பலர் விடுவது அதைத்தான். முடிந்ததும் வரும் பிடிஎஃப்பை ஒரு தாளில் அச்செடுத்து, இரண்டு எண்களையும் அதன் மேலே பேனாவால் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.