மடியில் கனம், இடுப்பில் பெல்ட்

சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தத் தம்பியைக் கவனித்தேன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே ஒரு சுடுதளத்தின் ஓய்வறை. கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துச் சுமப்பவர்களுக்கு அங்கே வகுப்பு எடுக்கிறேன். காலையில் சட்டப் பாடம் முடிந்து, மதியம் சுடும் தேர்வுக்கு முன்னால் எல்லோரும் டப்பாவைத் திறந்திருந்தோம். குண்டு இல்லாத காலித் துப்பாக்கியை உறையோடு இடுப்பில் மாட்டிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து எழுந்து பழகுவது என் வகுப்பில் ஒரு பயிற்சி. தம்பி எலுமிச்சை சாதத்தில் ஒரு ஸ்பூன் எடுப்பார், ஸ்பூனை வைப்பார், வலது இடுப்பைச் சட்டைக்கு மேலாகவே ஒரு அழுத்து அழுத்துவார். அடுத்த ஸ்பூன். அப்புறம் பேன்ட்டை மேலே ஒரு இழுப்பு. டப்பா காலியாவதற்குள் 11 தடவை எண்ணினேன்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். துப்பாக்கி சுமப்பவருக்குக் கொஞ்சம் பயம் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கனத்தை எது தாங்குகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. தம்பியிடம் 600 டாலர் துப்பாக்கி, 90 டாலர் உறை. பெல்ட் மட்டும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு. பக்கிளைத் திருப்பினால் இரண்டு நிறத்துக்கும் ஆகிற வகை. ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா வாங்கிக் கொடுத்ததாம்.

பெல்ட்டுக்குள் போவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரம் ஒருவராவது இதைத் தெரியாமல் எனக்குப் போன் செய்கிறார். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். உடனே 'அப்போ நானும் வாங்கலாமா சார்?' என்று கேட்பவர்களில் பாதிப்பேர் எச்1பி விசாவில் இருப்பவர்கள். எச்1பி, எச்4, எப்1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மாநிலம் விட்டாலும் மத்திய சட்டம் விடாது. மாட்டினால் வழக்கோடு விசாவும் போகும். கிரீன் கார்டு வந்தவர்கள் கதை வேறு. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

சரி, பெல்ட்.

கிளாக் 19 என்ற துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம், என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பிடிக்குள் செருகும் குண்டுப் பெட்டியான மேகசின் நிறைந்திருந்தால் சுமார் 855 கிராம். உறையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. மாற்று மேகசின் ஒன்று வைத்துக்கொண்டால் இன்னொரு கால் கிலோ. ஒரு கிலோ என்பது பெரிய கனமா என்று கேட்கலாம். பையில் போட்டுத் தூக்கினால் இல்லை. ஆனால் இது இடுப்பின் ஒரே பக்கத்தில், ஒன்றிரண்டு அங்குல அகலத்தில், காலை ஏழு மணியிலிருந்து இரவு வரை தொங்குகிறது. அதுவும் நேராகத் தொங்குவதில்லை. துப்பாக்கியின் பிடி பெல்ட்டுக்கு மேலே இருக்கிறது, மேகசினில் உள்ள குண்டுகளின் எடையெல்லாம் அந்தப் பிடிக்குள். மேலே கனம், கீழே லேசு. பெல்ட் தளர்ந்தால் பிடி உடம்பை விட்டு வெளியே சாயும். சாய்ந்தால் சட்டைக்கு அடியில் முட்டிக்கொண்டு தெரியும். தெரிகிறதோ என்ற சந்தேகத்தில் கை தானாக அங்கே போகும். கூர்ந்து பார்க்கிற கண்ணுக்கு இடுப்பில் முட்டிக்கொண்டிருப்பதை விட அந்தக் கைதான் முதலில் படும்.

எனக்கே நடந்தது. பல வருஷத்துக்கு முன், இந்திய மளிகைக் கடை ஒன்றில் 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கினேன். பெல்ட் இடுப்புக்கு வெளிப்பக்கமாக மடிந்து உருண்டதை உணர்ந்தேன். மூட்டை தோளில், ஒரு கையால் அதைப் பிடித்திருக்கிறேன், மறு கை சட்டையை இழுத்து விடுகிறது. புளி பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் இடுப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், புளியை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமே அந்த பெல்ட்டைக் கழற்றிப் போட்டேன்.

தையல் விட்டதா, தோல் கிழிந்ததா என்றால் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை விறைப்பில். பனையோலை நறுக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுருட்டினால் சுருளும், விளிம்பு வாட்டத்தில் மடக்கப் பார்த்தால் மடங்காது. நல்ல பெல்ட்டும் அப்படித்தான். இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், மேலும் கீழுமாக மடங்கக் கூடாது, முறுக்கினால் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கடையில் இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு பெல்ட்டைப் பிடியுங்கள். துணி பிழிவது போல முறுக்குங்கள். பிழிய வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

கடையில் தொங்கும் சாதாரண பெல்ட் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். துப்பாக்கிக்கென்று செய்யும் தோல் பெல்ட்டில் இரண்டு தோல்களை ஒட்டி விளிம்பைச் சுற்றித் தைத்திருப்பார்கள், 5 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். சிலவற்றில் நடுவே மெல்லிய எஃகுத் தகடோ பிளாஸ்டிக் பட்டையோ இருக்கும். 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள். அது தோல்தான் என்பதை மட்டும் சொல்கிறது, தோலின் எந்த அடுக்கு என்று சொல்வதில்லை. மேல் அடுக்கில்தான் பலம். அடி அடுக்கை உரித்தெடுத்து மேலே வண்ணம் பூசினாலும் அதே முத்திரை வரும்.

இன்னொன்று, பதனிடும் முறை. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், செருப்புக்கும் கைப்பைக்கும் நல்லது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். நல்ல தோல் பெல்ட்டுகளில் 'வெஜிடபிள் டேன்ட்' என்று பெருமையாகப் போட்டு விலையை ஏற்றுகிறார்களே, அது நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைதான். திண்டுக்கல் பக்கத்துக்காரனான எனக்கு அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பின் வாடை மூக்கில் ஏறும். வாசனை என்று சொல்ல மாட்டேன்.

தோல்தான் வேண்டும் என்றில்லை. நைலான் பட்டையில் வருபவை இலேசு, வியர்வைக்கும் மழைக்கும் தாங்கும். டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில் தோல் பெல்ட் வியர்வையை உறிஞ்சி மெல்ல இளகிவிடும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ராணுவப் பாணிப் பெரிய பக்கிள் போட்டு வருவதை அலுவலக பேன்ட்டின் மேல் கட்டிக்கொண்டு போனால், மறைத்து வைத்ததை நாமே விளம்பரம் செய்தது போலாகும். அந்தப் பக்கிள் பல பேன்ட் லூப்பில் நுழையாது, தினமும் காலையில் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் இப்போது கட்டுவது பற்சட்டம் வைத்த வகை. ஓட்டை கிடையாது. பின்பக்கம் ஓடும் பல்வரிசையில் பக்கிள் கிளிக் கிளிக் என்று ஏறும், கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்கலாம், தளர்த்தலாம். சாதாரண பெல்ட்டில் ஓட்டைக்கு ஓட்டை ஒரு அங்குலம். காலையில் சரியாக இருக்கும், மதியம் சாம்பார் ரசம் மோர் என்று சாப்பிட்டு எழுந்தால் ஒரு ஓட்டை இறுக்கம், அடுத்த ஓட்டை தொளதொளப்பு. சிரிக்காதீர்கள், நாள் முழுக்கக் கட்டுகிறவனுக்கு இதுதான் பெரிய விஷயம்.

பெல்ட் மெலிதாக இருப்பதை ஈடுகட்டப் பலர் செய்வது, ஒரு ஓட்டை கூடுதலாக இறுக்குவது. கொஞ்ச நாளில் 'தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போகிறது, எரிகிறது' என்று வருவார்கள். இடுப்பு எலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறது, இறுக்கமான பெல்ட் அதை நசுக்கினால் இப்படி ஆகும். கனமான பெல்ட் கட்டும் போலீஸ்காரர்களுக்கும் வருவதுண்டு. மரப்பு இருந்தால் டாக்டரைப் பாருங்கள், பெல்ட்டையும் தளர்த்துங்கள். விறைப்பான பெல்ட்டுக்கு இறுக்கம் குறைவாகவே போதும்.

என் தாத்தா கட்டிய பச்சை பெல்ட் ஞாபகம் வருகிறது. வேட்டிக்கு மேல், நாலு விரல் அகலம், காசுக்கு ஒரு பை, வெற்றிலைக்கு ஒரு பை. சந்தைக்குப் போய் மாடு விற்ற பணத்தோடு வருவார், இடுப்பில் கை வைத்துப் பார்த்ததே இல்லை. அகலம் கூடினால் கனம் பரவுகிறது என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நமக்கு அந்த அகலம் கிடைக்காது, பேன்ட் லூப் விடாது. ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர், என்பதுதான் நடைமுறை அளவு. பெரும்பாலான உறைகளில் பெல்ட்டைக் கவ்வும் க்ளிப்பும் அந்த அளவுக்குத்தான் வார்க்கப்படுகிறது. ஒன்றேகால் அங்குல பார்ட்டி பெல்ட்டில் அதை மாட்டினால் கால் அங்குலம் இடைவெளி விழும், உறை ஆடும்.

ஆடினால் என்ன ஆகும் என்பதை அந்தத் தம்பி மதியம் காட்டினார். சுடுவதற்கு முன், காலித் துப்பாக்கியை உறையிலிருந்து மெதுவாக எடுத்துக் காட்டச் சொன்னேன். சட்டையை விலக்கினார், பிடியைப் பற்றினார், இழுத்தார். துப்பாக்கி வந்தது, உறையும் கூடவே வந்தது. க்ளிப்பின் கொக்கி அந்த மெல்லிய பெல்ட்டின் அடி விளிம்பைக் கவ்வவே இல்லை. துணி விரிப்பில் செருகிய ஊக்கு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உறை மாட்டிய துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, 'அண்ணா, இது இப்படி வரணுமா?' என்றார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் குனிந்து தன் க்ளிப்பைப் பார்த்துக்கொண்டார்.

இடுப்பிலிருந்து நழுவும் துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பிளாக்ஸிகோ பர்ரஸ். அமெரிக்கக் கால்பந்து வீரர். 2008 பிப்ரவரியில் சூப்பர் போல் இறுதிப் போட்டியில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், உறை இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி கால் வழியே நழுவியது. பிடிக்கப் போனார். விரல் விசையில் பட்டு, குண்டு சொந்தத் தொடையில் பாய்ந்தது. நியூயார்க்கில் வைத்திருக்க உரிமமும் இல்லை, இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. பந்து பிடித்தே பேர் வாங்கிய கைதான் அது. அதனால் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன்: நழுவினால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். இன்றைய தரமான துப்பாக்கிகளில் கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. அவசரத்தில் பாயும் விரலுக்கு அப்படித் தடுப்பு எதுவும் கிடையாது. விசையை முழுக்க மூடும் உறை இல்லாமல் எந்த பெல்ட்டும் பிரயோஜனமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது அளவில் ஏமாறாதீர்கள். பேன்ட்டில் 34 என்று போட்டிருப்பதை நம்பி 34 பெல்ட் வாங்கினால் பத்தாது. பேன்ட் கம்பெனிகள் நம்மைச் சந்தோஷப்படுத்த அளவைக் குறைத்துப் போடுகின்றன. துப்பாக்கியைக் காலி செய்து, உறையோடு பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு, லூப் வழியாக அளவு நாடாவை ஓட்டி அளந்து பாருங்கள். உள்ளே செருகுபவருக்குச் சுமார் இரண்டு அங்குலம் கூடும். அடிவயிற்றுப் பக்கம் வைப்பவர்களுக்கு ரொம்ப விறைப்பான பெல்ட்டும் ஒத்துவராது, உட்காரும்போது வயிற்றைக் குத்தும். கொஞ்சம் வளைவதாகப் பார்த்து, பக்கிளை நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்திக் கட்டினால் உறையோடு மோதாது.

பெல்ட்டைக் கழற்றும் நேரங்கள் இரண்டு. இரண்டும் கவனமாக இருக்க வேண்டியவை. ஒன்று கழிப்பறை. பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியை எடுத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, அப்படியே மறந்து வந்தவர்கள் உண்டு. உறையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பேன்ட்டை இறக்கியதும் முழங்காலுக்கு மேல் பெல்ட்டை மறுபடி பூட்டிக்கொண்டால், விறைப்பான பெல்ட் உறையைக் கவிழவிடாமல் வைத்திருக்கும். பக்கத்து அறைக்காரர் கண்ணில் படாமல் பேன்ட்டின் துணிக்குள்ளேயே இருக்கட்டும். இன்னொன்று வீட்டுக்கு வந்ததும். பெல்ட்டை உருவி நாற்காலியில் போடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதில் துப்பாக்கியும் இருப்பது மறந்துபோகும். டெக்சஸ் சட்டத்தில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். உறையோடு கழற்றி நேரே பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சட்டை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

வாங்கிய பெல்ட்டும் காலத்துக்கும் வராது. தினமும் ஒரே இடத்தில் உறை உட்காரும் பகுதி முதலில் இளகும். மாதம் ஒருமுறை கழற்றி மேஜை மேல் விளிம்பு வாட்டத்தில் நிறுத்திப் பாருங்கள், அந்த இடத்தில் சாய்வு தெரியும். பக்கிளைப் பிடித்திருக்கும் திருகாணிகளையும் அப்படியே ஒரு திருகு திருகிப் பார்த்துவிடுங்கள், அவை சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிடும்.

தம்பி அடுத்த மாதம் வந்தபோது வேறு பெல்ட் கட்டியிருந்தார், 60 டாலராம். சாப்பாட்டு நேரத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன், இரண்டு தடவைதான் கை போனது, அதில் ஒன்று போனை எடுக்க. பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அப்பா கொடுத்தது, அலுவலகத்துக்கு வெறும் பெல்ட்டாகக் கட்டிக்கொள்கிறேன் அண்ணா என்றார்.