தேடி மீட்டல்: ‘எஸ்.ஏ.ஆர்.’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

மலாய்ச் செய்தியில் ‘ஓப்ஸ் எஸ்.ஏ.ஆர்.’ என்று வரும். ஆங்கில ‘செர்ச் அண்ட் ரெஸ்க்யூ’வின் சுருக்கம் அது; மலாயில் சொன்னால் ‘மென்சாரி டான் மெஞெலாமாட்’. தமிழ்ச் செய்தியில் ‘தேடி மீட்கும் பணி’. காணாமற்போனவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதும், அங்கிருந்து அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் சேர்ந்ததுதான் இந்த வேலை. காட்டில் வழி தவறியவர், ஆற்றோடு போனவர், மண்ணுக்கடியில் சிக்கியவர், விழுந்த விமானம் எல்லாம் இதற்குள் அடக்கம். வானத்துக்கென்று சிகாகோ உடன்படிக்கையின் 12-ஆம் இணைப்பும், கடலுக்கென்று 1979-இல் ஹாம்பர்க்கில் கையெழுத்தான தனி உடன்படிக்கையும் உண்டு.

மலேசியாவில் எங்கள் பத்தாங் காலி மாதிரி செம்பனைக்கும் பழைய பால்மரக் காட்டுக்கும் நடுவில் இருக்கும் டவுனில் இந்தச் சொல் 2022 டிசம்பரில் எல்லார் வாயிலும் புழங்கியது. அந்த மாதம் 16-ஆம் தேதி விடியுமுன், கெந்திங் மலைக்கு ஏறும் சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்கள் மேல் மண் சரிந்தது. 31 பேர் இறந்தார்கள். தேடுதல் 24-ஆம் தேதி வரை போனது. தீயணைப்பு வீரர்கள், போலீஸ், ராணுவம், பொது தற்காப்புப் படை, மோப்ப நாய்கள், மண் வாரும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே சரிவில் நின்றன.

ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசும் தோட்டத்துப் பெரியவர்கள் இவ்வளவு நீட்டிச் சொல்ல மாட்டார்கள். “போம்பா போயிருச்சா? பட்டாளம் எறங்கிருச்சா?” அவ்வளவுதான். போலீசுக்கு அவர்கள் வாயில் இன்னும் ‘மாத்தா’.

மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை. ‘போம்பா’ போர்த்துகீசியச் சொல், பொருள் நீர் இறைக்கும் பம்பு. மலாக்காவில் அவர்கள் இருந்த காலத்து உறவில் மலாய்க்குள் நுழைந்தது. கருவியின் பெயர் போய்க் கருவி பிடித்தவர்களின் பெயராக நின்றுவிட்டது. ‘பட்டாளம்’ ஐரோப்பியரின் ‘பட்டாலியன்’ நம் நாக்கில் உருண்ட வடிவம். ‘மாத்தா’ மலாயில் கண். 1997-இல் ‘மீட்பு’ என்பதையும் சேர்த்துத் தங்கள் துறைக்குப் புதுப்பெயர் வைத்துக்கொண்ட பிறகும், தீயணைப்பு மீட்புப் படை எங்களுக்குப் போம்பாதான். எழுத்தில் ‘தீயணைப்பு மீட்புப் படை’ என்று எழுதுவோம், பேச்சில் போம்பா இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் துரத்துவதில் எனக்கு ஆர்வமில்லை.

சரி, ‘மீட்பு’க்கு வருவோம். வேர் ‘மீள்’. தானே திரும்பினால் மீண்டான். இன்னொருவரைத் திரும்பச் செய்தால் மீட்டான். இந்த வினை தமிழில் முதலில் பெரிதாக ஒலித்த இடம் போர்க்களம். பகைவரின் மாடுகளைக் கவரப் போனவர்கள் வெட்சிப்பூச் சூடினார்கள். பறிபோன மாடுகளை மீட்கப் போனவர்கள் சூடியது கரந்தை. ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்கிற பாணியில் பொறித்திருப்பார்கள். தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஊர் மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு ஊர் நட்ட கல் அது.

ஆக, மீட்பு பிறவியிலேயே வில்லும் வேலும் பிடித்த சொல். ஆனால் மீட்கப்பட்டது ஊர்ச்சொத்து. பட்டாளத்தையும் ஊர்க்காரர்களையும் ஒரே வேலையில் சேர்த்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது.

அப்புறம் அது எங்கெங்கோ போனது. தேவாலயத்தில் ‘மீட்பர்’ ஆனது. அடகுக் கடையில் நகையோடு ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அடகுக்குப் போன சங்கிலி, தீபாவளிக்கு முன்னால் போனஸ் வந்ததும் திரும்பும். சீட்டைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுகிற அம்மாவிடம் பக்கத்து வீட்டுக்காரர் “என்னக்கா, மீட்டாச்சா?” என்றுதான் கேட்பார். மாடானாலும் நகையானாலும் ஆத்மாவானாலும் உள்ளே ஓடும் பொருள் ஒன்று: நம்முடையது, கைவிட்டுப் போனது, மறுபடி நம்மிடம் வந்தது.

மற்ற இரண்டு மொழிகளும் இதை வேறு கோணத்தில் பார்க்கின்றன. ஆங்கிலத்தின் ‘ரெஸ்க்யூ’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; லத்தீன் வேரில் உதறி எறிவது என்று பொருள். பிடித்திருக்கும் கையை உதறிவிட்டு ஆளை இழுப்பது. மலாயின் ‘செலாமாட்’ அரபிலிருந்து வந்தது, ‘சலாம்’ இருக்கும் அதே குடும்பம். ஆபத்தில்லாத நிலையில் ஆளை வைப்பது. தமிழ் ஆளை வீட்டுக்குத் திருப்புகிறது. இதனால்தான் உயிர் போன பிறகும் நம் சொல் நிற்கிறது: ‘சடலம் மீட்கப்பட்டது’ என்று எழுதினால் யாருக்கும் உறுத்துவதில்லை. ‘சடலம் காப்பாற்றப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள்! ஆகவே இந்தப் பணிக்குக் ‘காப்பாற்றுதல்’ சரிவராது. ‘தேடுதல் வேட்டை’ அதைவிட மோசம். வேட்டை, தப்பி ஓடிய திருடனுக்கு. காணாமற்போன பிள்ளைக்கு இல்லை.

‘தேடு’ பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குத் தேடுவது சம்பாதிப்பதும்தான். ‘தேட்டம்’ என்றால் சேர்த்த பொருள். பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி ராணுவமும் பொதுத்துறையும் சேர்வது. இந்த நாட்டில் அது முறைப்பட்டதற்கு ஒரு துயரம் காரணம். 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். அதையடுத்து 1994-இல் அமைச்சரவை முடிவெடுத்து உருவாக்கியதுதான் ‘ஸ்மார்ட்’ எனும் சிறப்புப் பேரிடர் மீட்புக் குழு. தீயணைப்புப் படை, போலீஸ், ராணுவம் மூன்றிலிருந்தும் ஆள் எடுத்து ஒரே குழுவாக்கினார்கள். 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் உத்தரவு, பேரிடரில் யார் என்ன செய்வது என்று வகுத்தது. 2015-இல் ‘நட்மா’ எனும் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் வந்ததும் ஸ்மார்ட் அதன்கீழ் போனது.

இங்கேதான் சொல்லில் கவனம் வேண்டும். பட்டாளம் வந்து இறங்கினால் பொறுப்பும் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று டவுனில் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. மாவட்ட அளவில் பேரிடர்க் குழுவுக்கு மாவட்ட அதிகாரி தலைவர். ராணுவம் உதவிக்கு வருகிறது. அதனிடம் இருப்பது ஹெலிகாப்டர், படகு, பொறியியல் பிரிவு, காட்டில் நாள்கணக்கில் நடக்கப் பழகிய கால்கள். 1968 முதல் 2020 வரை ஆகாயப்படையில் பறந்த ‘நூரி’ ஹெலிகாப்டரை வெள்ளக்காலத்தில் அண்ணாந்து பார்த்தவர்கள் பலர். நூரி என்பது ஒரு கிளியின் பெயர். சிப்பாய்க்குக் கட்டளையிடுவது அவனுடைய அதிகாரி மட்டுமே. எந்தச் சரிவில் யார் தோண்டுவது என்று பிரித்துக் கொடுப்பது நிகழ்விடத்தில் இருக்கும் பொறுப்பாளர். முன்னதற்குச் சொல் ‘கட்டளை’, பின்னதற்கு ‘ஒருங்கிணைப்பு’. செய்திகளில் இரண்டையும் ‘தலைமையில்’ என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறார்கள். ‘ராணுவத் தலைமையில் மீட்புப் பணி’ என்று தலைப்புப் போடுமுன் உண்மையிலேயே அப்படியா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ‘ராணுவமும் இணைந்து’ என்பதே சரி.

எனவே நான் எழுதுவது இப்படி: பணிக்குத் ‘தேடி மீட்டல்’, தலைப்பில் இடமில்லையென்றால் ‘தேடல் மீட்பு’. பல படைகள் சேர்ந்தால் ‘கூட்டுத் தேடல் மீட்பு’. ஸ்மார்ட், நட்மா இரண்டும் பெயர்கள், அப்படியே விடலாம். பலகையில் ‘பி.கே.டி.கே.’ என்று சுருக்கி எழுதியிருக்கும் ‘போஸ் கவாலான் தெம்பாட் கெஜாடியான்’ என்பதற்கு ‘நிகழ்விடக் கட்டுப்பாட்டு நிலையம்’ போதும். ‘சோன் மேரா’வைச் சிலர் ‘சிவப்பு வட்டாரம்’ என்கிறார்கள். நம் பேச்சில் வட்டாரம் என்றால் பல ஊர் சேர்ந்த பெரிய இடம். இதுவோ மீட்பவர்கள் மட்டும் நுழையும், நாடா கட்டிய சின்ன இடம். ‘சிவப்புப் பகுதி’ என்றால் குழப்பமில்லை.