ஜெர்மனிக்குப் படிக்க வருகிறீர்களா? சிம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஆறு மாதப் படிப்புக்கு வந்த ஒரு தம்பி, புதுப் போன் சும்மா கிடைக்கிறது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஊருக்குக் கிளம்பும்போதும் ஒப்பந்தத்தில் மீதி மாதங்கள் பாக்கி இருக்கும். ஆன்லைனில் எடுத்திருந்தால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். கடையில் நேரில் போட்ட கையெழுத்துக்கு அந்த உரிமை கிடையாது. இப்படி நாலைந்து பேரைப் பார்த்தாகிவிட்டது. படிக்க வருபவர்களுக்கு ப்ரீபெய்டே போதும்.

சரி, விதி இதுதான்: 2017 ஜூலையிலிருந்து அடையாளத்தைச் சரிபார்க்காமல் ப்ரீபெய்ட் சிம்மை இயக்கித் தரக் கூடாது. ஆல்டி டாக், லிடில் கனெக்ட் சிம்களை சூப்பர் மார்க்கெட்டில் பால் பாக்கெட்டோடு சேர்த்து வாங்கிவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி கொடுத்துப் பாஸ்போர்ட்டைக் காட்டும்வரை அது வெறும் பிளாஸ்டிக்.

அலைச்சல் ஆரம்பிப்பதே இங்கேதான். வீடு தேட போன் நம்பர் வேண்டும், நம்பர் வாங்க முகவரி வேண்டும். சில கடைகளில் ஆன்மெல்டுங் தாளையும் (வீட்டுப் பதிவுச் சான்று) கேட்பார்கள், அந்தப் பதிவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே பெரிய ஊர்களில் வாரக்கணக்காகும். வாதாடிக்கொண்டு நிற்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். இப்போதைக்குத் தங்கியிருக்கும் ஹாஸ்டல் அல்லது நண்பர் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

வீட்டிலிருந்தே வீடியோ காலில் முடித்துவிடலாம் என்பார்கள். பாஸ்போர்ட்டை இப்படிச் சாய், அப்படித் திருப்பு என்று பத்து நிமிடம் படுத்திவிட்டு, கடைசியில் இந்தியப் பாஸ்போர்ட்டை இந்த முறையில் ஏற்பதில்லை என்று வைத்துவிடும் கம்பெனிகளும் உண்டு. போஸ்ட்இடென்ட் முறை இருந்தால் அதையே எடுங்கள். படிவத்தோடும் பாஸ்போர்ட்டோடும் தபால் அலுவலகத்துக்குப் போனால் ஆள் நேரில் பார்த்துச் சரிபார்ப்பார். நம் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி, பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருப்பது. படிவம் விடமாட்டேன் என்கிறதே என்று பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரை நீங்களாகப் போட்டால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். அப்படிப்பட்டவர்கள் ஆன்லைன் பக்கமே போகாமல், கவுன்டரில் உட்கார்ந்து பதிவு செய்து தரும் கடையாகப் பார்த்துப் போங்கள்.

பேக் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குத்தான், மாதத்துக்கு அல்ல. ஆக வருடத்துக்கு 13 தடவை பணம் போகும். புதுப்பிக்கும் நாளில் கணக்கில் சில சென்ட் குறைந்தாலும் பேக் நின்றுவிடும். அப்புறம் நிமிடக் கணக்கில் கழிப்பார்கள். ‘ஆல்நெட் ஃபிளாட்’ என்றால் ஜெர்மனிக்குள் எல்லா நம்பருக்கும் என்றுதான் அர்த்தம். அம்மாவுக்குப் போட்டால் தனிக்காசு.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ரோமிங் கட்டணம் இல்லை என்பது சரி, ஆனால் சுவிட்சர்லாந்து அதில் சேராது. கான்ஸ்டன்ஸ் மாதிரி எல்லையூரில் இருந்தால் போன் தானாகவே சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும், பேலன்ஸ் பறந்துவிடும். டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ஊர் நம்பரை விட்டுவிடாதீர்கள், பேங்க் ஓடிபி அதில்தான் வரும். கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லி, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து கிளம்பும்போது சிம்மில் மிச்சமிருக்கும் நீங்கள் போட்ட பணம் உங்களுடையது, கேட்டால் திருப்பித் தர வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை. எழுத்தில் கேளுங்கள், பணம் வந்து சேர்ந்த பிறகு ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடுங்கள்.