டெய்சி: ஒரு சொல், பல செடிகள்

சென்னைப் பக்கத்து நர்சரியில் டெய்சி கேட்டால் பெரும்பாலும் ஜெர்பரா தொட்டியைக் கையில் கொடுப்பார்கள். ஊட்டியில் அதே கேள்விக்கு இடுப்புயரம் வளரும் வெள்ளைப்பூச் செடி கிடைக்கும். விதைப் பொட்டலமாக வாங்கினால் உள்ளே எது இருக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். யாரும் ஏமாற்றவில்லை. டெய்சி என்பது ஒரு செடியின் பெயரே அல்ல, ஒரு பூ வடிவத்தின் பெயர். நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கதிர்கள். இந்த அமைப்பில் எது பூத்தாலும் ஆங்கிலம் அதை டெய்சி என்றுவிடும். வீட்டுத்தோட்டத்தில் டெய்சி சரியாக வராததற்குப் பாதிக் காரணம் இந்தப் பெயர்க் குழப்பம்தான். ஒன்றுக்கு எழுதிய பக்குவத்தை இன்னொன்றுக்குச் செய்கிறோம்.

சொல்லின் பிறப்பு அழகானது. பழைய ஆங்கிலத்தில் ‘பகலின் கண்’ எனப் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்து, காலப்போக்கில் தேய்ந்து டெய்சி ஆயின. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரும் இந்தப் பூவைப் பகலின் கண் என்றே விளக்குகிறார். அவர்கள் மனத்தில் இருந்தது பெல்லிஸ் பெரெனிஸ் என்ற சிறு செடி. இலைகள் தரையோடு படர்ந்து ரோஜா இதழடுக்குபோல் கிடக்கும். விரல் நீளக் காம்பில் ஒற்றைப் பூ நிற்கும். மாலையானால் வெள்ளைக் கதிர்கள் மேல்நோக்கிக் குவிந்து மஞ்சள் நடுவை மூடிக்கொள்ளும், காலையில் மறுபடி விரியும். இமை மூடித் திறப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. ஐரோப்பியப் புல்தரைகளில் களையாகவே கிடப்பது இந்தச் செடி.

பெயர் பிறகு பக்கத்து வீடுகளுக்கும் பரவியது. தென்னாப்பிரிக்காவின் கசானியாவும் இரவில் மூடிக்கொள்வதால் அதற்குப் பெயர் பொருந்துகிறது. ஆனால் தோட்டக்காரர்கள் மிகுதியாக வளர்க்கும் சாஸ்தா டெய்சி இரவிலும் விரிந்தேதான் இருக்கும். பகலின் கண் என்ற பெயரை அது வடிவத்துக்காக மட்டும் சுமக்கிறது. அதன் பெற்றோரில் ஒன்றான காட்டுச் செடிக்கு ஆங்கிலத்தில் ‘மாட்டுக்கண் டெய்சி’ என்று பெயர். பிரித்துப் பார்த்தால் மாட்டுக்கண் பகற்கண். நாம் ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ என்பதுபோல அவர்களும் கண்ணுக்கு மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்கு இது மார்கரித். ‘முத்து’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மார்கரெட் என்ற பெயருடைய பெண்களை ஆங்கிலத்தில் டெய்சி என்று செல்லமாக அழைப்பதற்கு இதுவே காரணம்.

பொருளைப் பிடிப்பதற்குத் தாவரவியலையும் கொஞ்சம் தொட வேண்டும். டெய்சியில் நாம் ‘ஒரு பூ’ என்று பறிப்பது ஒரு பூவே அல்ல, ஒரு பூங்கொத்து. பாடநூல்கள் இதைச் சிரமஞ்சரி என்கின்றன. ‘இதழ்’ என்று நாம் எண்ணும் ஒவ்வொன்றும் தனியொரு கதிர்ப்பூ. நடுவிலுள்ள மஞ்சள் பொட்டில் நூற்றுக்கணக்கான குட்டி வட்டுப்பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவை வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக விரியும். இது வெறும் ஏட்டறிவு அல்ல. ஜெர்பராவைப் பறிக்கும் பதம் பார்ப்பதே இதை வைத்துத்தான். வெளியோரத்தில் இரண்டு மூன்று வரிசை வட்டுப்பூக்கள் விரிந்து மகரந்தம் தெரிந்த பிறகு பறித்தால் பூ ஜாடியில் நிற்கும். அதற்கு முன் பறித்தால் காம்பு முற்றியிருக்காது, இரண்டாம் நாளே கழுத்து மடங்கித் தொங்கிவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். இதற்கு நேர்ச்சொல் என்ன?

‘பகல்விழி’, ‘பகற்கண்’ என்று ஆக்கலாம். கவிதைக்கு ஆகும். ஆனால் அது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பே தவிர செடியின் பெயர் அல்ல; இரவில் மூடாத சாஸ்தாவுக்குப் பொய்யாகவும் போகும். சிலர் ‘சீமைச் சாமந்தி’ என்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயர் தேநீராகப் போட்டுக் குடிக்கும் கெமோமில் பூவுக்கு எப்போதோ போய்விட்டது. அதையே டெய்சிக்கும் கொடுத்தால் புதுக் குழப்பம்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தலைச்சொல் சாமந்தி, அல்லது செவ்வந்தி. செவ்வந்தியைச் ‘செவ்+அந்தி’ எனப் பிரித்துச் சிவந்த அந்தி என்று விளக்குவோர் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் கன்னடத்தில் சேவந்திகே, தெலுங்கில் சாமந்தி, மராத்தியில் ஷேவந்தி என்று ஒரே சொல் பக்கத்து மொழிகளில் வரிசையாக நிற்கும்போது, தமிழுக்கு மட்டும் தனி வேர் சொல்வது பொருந்தாது. பின்னால் பொருள் ஏற்றிச் சொன்ன விளக்கமாகவே அது தெரிகிறது. சொல் இங்கே வேரூன்றியது என்பதில் மட்டும் ஐயமில்லை. திருச்சிராப்பள்ளி இறைவனுக்குச் செவ்வந்திநாதர் என்ற பெயரும், அத்தலத்துக்குச் செவ்வந்திப் புராணமும் உண்டு.

சாமந்தியின் பலம் அது முன்னொட்டை ஏற்றுக்கொள்வது. மெக்சிகோவிலிருந்து வந்த பூ துலுக்கச் சாமந்தி ஆனது (அதையே செண்டுமல்லி என்றும் சொல்கிறோம், மல்லிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை). கெமோமில் சீமைச் சாமந்தி ஆனது. வெளியிலிருந்து வரும் இந்தக் குடும்பப் பூவைச் சாமந்தியின் உறவாகப் பார்த்துப் பெயரிடுவது தமிழின் பழக்கம். அதே வழியில் பெல்லிஸைப் ‘புல்தரைச் சாமந்தி’ என்றும், சாஸ்தாவை ‘மலைச் சாமந்தி’ என்றும் சொன்னால் கேட்பவருக்கு உருவமும் இடமும் ஒருசேரக் கிடைக்கும். ‘வெள்ளைச் சாமந்தி’ வேண்டாம், அது பூக்கடையில் அடர்ந்த வெள்ளைச் செவ்வந்தியைக் குறிக்கும். ஜெர்பராவை ஜெர்பரா என்றே விடலாம். ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து கல்யாண மேடை வரை அந்தப் பெயர் ஊறிவிட்டது. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘டெய்சி’ என்று எழுதுவதும் குற்றமில்லை. எந்த டெய்சி என்பதைப் பக்கத்தில் சொன்னால் போதும்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே வளர்ப்புக்குப் போகலாம்.

சாஸ்தா, அதாவது மலைச் சாமந்தி, கலிபோர்னியாவில் லூதர் பர்பேங்க் என்ற தாவர வளர்ப்பாளர் பல இனங்களைக் கலந்து உருவாக்கி 1901இல் வெளியிட்ட செடி. பனி மூடிய சாஸ்தா மலையின் வெண்மைக்காக அந்தப் பெயரை வைத்தார். பெயரிலேயே குளிர் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் பல ஆண்டுச் செடியாக நிற்கும். சமவெளியில் அதைக் குளிர்காலத்துக்கு மட்டுமான விருந்தாளியாக வைத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ விதைக்கலாம். விதை பொடியானது என்பதால் மேலே 2 முதல் 3 மில்லிமீட்டருக்கு மேல் மூடக் கூடாது. ஆழமாய்ப் புதைப்பதுதான் முளைக்காததற்கு முதல் காரணம். முளைக்க 10 முதல் 20 நாள் ஆகும். ஏழாம் நாள் பொறுமையிழந்து கிளறாதீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். விதைத்த குழித்தட்டு மழையில் நனைந்தால் நாற்றின் அடித்தண்டு நூலாய் இளைத்துச் சாயும். இதுதான் நாற்றழுகல். தட்டை மழை படாத கூரையோரத்தில், வெளிச்சம் இருக்கும் இடத்தில் வையுங்கள். அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸை லிட்டருக்கு 5 கிராம் கலந்து ஒருமுறை ஊற்றலாம். நான்கைந்து இலை வந்ததும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் மாற்றி நடலாம், தொட்டி என்றால் 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை புதர்போல் வரும், பூ வராது. மலையில் வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து, ஓரத்து இளங்கன்றுகளை மட்டும் மீண்டும் நட வேண்டும். நடுத்தூர் கிழடுதட்டி வெறுமையாகிவிடும்.

சமவெளி மாடித்தோட்டத்தில் டெய்சி ஆசை தீர வேண்டுமென்றால் ஜெர்பராவே நல்ல தேர்வு. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பகுதியைச் சேர்ந்தது. விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும், ஆகவே திசு வளர்ப்புக் கன்றாக வாங்குவதே மேல். நடும்போது செய்யும் ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: குருத்தை மண்ணுக்குள் புதைப்பது. இலைகள் கிளம்பும் கழுத்துப்பகுதி மண்மட்டத்துக்கு மேலே 1 முதல் 2 சென்டிமீட்டர் தெரிய வேண்டும். புதைந்தால் நீர் தேங்கிக் கழுத்தழுகல் வரும். செடி ஒருநாள் திடீரென்று வாடும், இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். அதன் பிறகு காப்பாற்ற வழியில்லை. நட்ட சில வாரத்தில் மண் அமிழ்ந்து செடியும் கீழே இறங்கும். அப்போது மேலே மண் போட்டு நிரப்பாமல், செடியைத் தூக்கி நடுங்கள்.

மண் கலவைக்கு ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம். தென்னைநார்க் கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். காலை வெயில் பத்து, பதினொரு மணி வரை, பிறகு 50 சதவீத நிழல்வலை. தண்ணீரைக் காலையில் ஓரமாக மண்ணில் ஊற்றுங்கள், குருத்தில் விழக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள) கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம் போதும். ஏப்ரல், மே மாதங்களில் பூ சிறுத்துக் காம்பு குட்டையாகும். அது வெயிலின் வேலை, உரத்தைக் கூட்டினால் வேர்தான் எரியும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல, எடுக்க முடியவில்லை. ஜெர்பரா 5.5 முதல் 6.5 வரையிலான கார அமில நிலையை விரும்பும். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் காரத்தன்மையும் கடினமும் உள்ளது. ஊற்ற ஊற்ற மண் காரமேறி இரும்பு கட்டுண்டு போகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் இலை தேறும். பிடித்துவைத்த மழைநீரை ஊற்றினால் மண்ணே தேறும்.

பூவைக் கத்தரிக்காதீர்கள். காம்பின் அடியைப் பிடித்துச் சற்றே திருகிப் பக்கவாட்டில் இழுத்தால் முழுசாய்ப் பிடுங்கி வரும். கத்தரித்தால் நிற்கும் மொட்டைக் காம்பு அழுகி, அழுகல் குருத்துக்கு இறங்கும். இலையில் வெள்ளைக் கோடு வளைந்து நெளிந்து ஓடினால் இலைத்துளைப்பான். புழு இலைத்தோலுக்குள் இருப்பதால் மேலே தெளிப்பது எட்டாது. கோடு விழுந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துவதே உடனடி வழி. அசுவினிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம்.

நம் சொந்தச் சாமந்தியின் பக்குவம் வேறு. ஜூன், ஜூலையில் பழைய தூரிலிருந்து பிரித்த பக்கக் கன்றுகளை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, நான்காம் வாரம் நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும், பூவும் பெருகும். இது நீண்ட இருட்டைக் கண்டால்தான் மொட்டு வைக்கும் செடி. மாடியில் இரவெல்லாம் எரியும் விளக்கோ, தெருவிளக்கோ மேலே பட்டால் செடி செழிப்பாய் வளர்ந்துகொண்டே இருக்கும், மொட்டு மட்டும் வராது. ‘எல்லாம் செய்தும் பூக்கவில்லை’ என்பவர்கள் உரத்தை விட்டுவிட்டு விளக்கைப் பார்க்க வேண்டும். பார்த்தீனியத்தால் தோல் அரிப்பு வருபவர்கள் இதைக் கையுறை போட்டுத் தொடுவது நல்லது. இரண்டும் ஒரே குடும்பம், அரிப்பும் சில சமயம் ஒன்றே.

தேடி வாங்காமலே நம்மிடம் வந்த டெய்சிகளும் உண்டு. சாலையோரத்தில் ஒற்றைக் காம்பில் நிற்கும் வெட்டுக்காயப் பூண்டை, அதாவது பிள்ளைகள் தலையைச் சுண்டிவிட்டு விளையாடும் தாத்தாப்பூவை, ஆங்கிலம் டெய்சி வரிசையில் வைக்கிறது. கரிசலாங்கண்ணிக்கு அது வைத்த பெயர் ‘போலி டெய்சி’. நமக்குக் கீரையும் தலைக்கு எண்ணெயுமான செடி அங்கே போலி. அது ஈரம் தேடி முளைப்பது. உங்கள் ஜெர்பராத் தொட்டியில் கரிசலாங்கண்ணி தானாக வந்து செழித்து நின்றால் தண்ணீர் அதிகமாகிறது என்று பொருள். கீரையைப் பறித்துக்கொண்டு, தொட்டியைச் சாய்த்து அடியோட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.